மெயினை அணைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

நம் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் ஒரு விஷயத்தில் என் மேல் கடுப்பு இருப்பது எனக்குத் தெரியும். ஒரு ஆபீசில் நெட்வொர்க் வேலை முடிந்திருக்கும். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். அவர்களும் டீ வாங்கிக் கொடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருப்பார்கள். பைக்கில் சாவியைப் போடும் நேரத்தில் இசக்கி சார் போன் பண்ணி, "மெயின அணைச்சுப் போட்டுப் பாத்தாச்சா?" என்று கேட்பார். இல்லை என்றால் மறுபடி மாடி ஏற வேண்டும். எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரு தடவை நிறுத்துங்கள் என்று ஆபீஸ்காரர்களிடம் கெஞ்ச வேண்டும். அவர்கள் முறைப்பார்கள். ரிட்டயர் ஆகிப் போன அந்த அம்மா கிளப்பிவிட்ட தொல்லை இது என்று நீங்கள் பேசிக்கொள்வதும் என் காதுக்கு வந்தது. தூத்துக்குடியில் எதுவும் காதுக்கு வராமல் இருக்காது.

அந்த அம்மா நான்தான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி, துறைமுகத்தைச் சுற்றியிருக்கும் ஏஜென்ட் ஆபீஸ்களிலும், மீன் கம்பெனிகளிலும், ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பு ஆபீஸ்களிலும் வயர் இழுத்தவள். "பொம்பளைய அனுப்பியிருக்காவளே" என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் உண்டு. வேலை முடிந்ததும் அவர்களே மோர் கொடுத்திருக்கிறார்கள். அதையெல்லாம் சொல்லிப் பெருமையடிக்க இப்போது நேரமில்லை. மெயின் விஷயத்துக்கு வருகிறேன்.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் விசைப்படகுக்காரர்களின் சங்கம் ஒன்று நம் வாடிக்கையாளர். சின்ன ஆபீஸ்தான். கீழே ஒரு ஹால், செயலாளர் அறை. மாடியில் ரேடியோ ரூம். படகுகளில் ஒரு கருவி இருக்கிறது. அது அவ்வப்போது தான் இருக்கும் இடத்தைக் காற்றில் சொல்லிக்கொண்டே இருக்கும். மொட்டைமாடி ஏரியல் அதைக் கேட்டு ரேடியோ ரூமில் இருக்கும் சர்வருக்குக் கொடுக்கும். சர்வர் அதைப் புள்ளிகளாக ஹாலில் மாட்டியிருக்கும் டிவிக்கு அனுப்பும். கடல் நீலமாகத் தெரியும், அதில் படகுகள் புள்ளி புள்ளியாக நகரும். வீட்டுப் பெண்கள் மார்க்கெட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் ஹாலுக்குள் ஒரு எட்டு வைத்து, தன் வீட்டுப் புள்ளியைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அங்கே புதிதாகக் கேமராக்கள் மாட்டியதும் டிவி திக்க ஆரம்பித்தது. எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் முட்டிக்கொண்டதால் வந்த வினை. நம் இசக்கி போய், எல்லா நெட்வொர்க் வயரும் வந்து சேரும் பெட்டியான ஸ்விட்சைத் தனித்தனித் தெருக்களாகப் பிரித்துவிட்டார். நீங்கள் வி-லான் என்று சொல்வீர்கள். கேமராக்கள் ஒரு தெரு. கீழே ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் டிவியும் ஒரு தெரு. மாடியில் சர்வரும் ஏரியலும் ஒரு தெரு. ஒரு தெருவில் இருப்பவர் அடுத்த தெருவுக்குப் போக வேண்டுமானால் ஸ்விட்ச்தான் முக்கில் நின்று வழிவிட வேண்டும். அந்த வழிவிடுகிற வேலைதான் ரவுட்டிங். இசக்கி அதையும் செய்தார். டிவி திக்காமல் ஓடியது. வாரம் முழுக்க ஒரு புகார் இல்லை. செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "அந்தத் தம்பி கைராசிக்காரன் மேடம்" என்றுகூடச் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை போன் வந்தது. டிவியில் படகு தெரியவில்லையாம்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கச்சான் காற்று, அதாவது மேற்கே இருந்து கடலுக்குள் தள்ளும் காற்று, அன்று காலையிலிருந்து வழக்கத்தை மீறி அடித்துக்கொண்டிருந்தது. ரோட்டில் மணல் பறந்து முகத்தில் அறைந்தது. நான் பக்கத்தில் ஒரு ஏஜென்ட் ஆபீசில் வேறு வேலையாக இருந்தேன். இசக்கிக்கும் போன் போட்டு வரச்சொல்லிவிட்டு, ஸ்கூட்டரைத் தள்ளாத குறையாக ஓட்டிக்கொண்டு போனேன்.

டிவி கோளாறு என்றுதான் நினைத்துப் போனேன். ஹாலுக்குள் நுழைந்ததும் விஷயம் வேறு என்று தெரிந்தது. பெண்கள் கூடி நின்றிருந்தார்கள். டிவியில் இணைப்பு இல்லை என்று ஒரே ஒரு வரி இருந்தது.

செயலாளர் என்னைத் தன் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"மேடம், காத்து கூடுதுன்னு எல்லாப் படகையும் ரேடியோவுல கூப்ட்டுத் திரும்பச் சொல்லியாச்சு. எல்லாரும் பேசிட்டாவ. விடிவெள்ளி மட்டும் பேச மாட்டேங்கு. அது எங்கன நிக்குதுன்னு தெரிஞ்சா பக்கத்துப் படகைத் திருப்பி விடலாம். இந்த டிவிதான் எங்களுக்குக் கண்ணு. அது இன்னைக்குன்னு பாத்து மூடிக்கிட்டு."

விடிவெள்ளி என்பது படகின் பெயர். அதன் டிரைவர் சூசை. அவருடைய மனைவி பிலோமினா திரேஸ்புரத்துக்காரி, டிவிக்கு நேர் கீழே நின்றிருந்தாள். நான் அறையை விட்டு வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, இந்த டிவி வந்தா அவிய இருக்காவளான்னு தெரியுமா?"

பயப்படாதே, ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. அப்படியே விழுங்கினேன். கடலில் என்ன நடக்கிறதென்று எனக்கு என்ன தெரியும்? நம் தொழிலில் இது ஒரு கெட்ட பழக்கம். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்ததும் 'இதோ ஆயிரும்' என்று சொல்லிவிடுவோம். ஆயிருமா ஆகாதா என்று அப்போது நமக்கே தெரியாது. அவர்கள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

"பாக்குதேன் பிலோமினா. தெரிஞ்ச ஒடனே உங்கிட்டதான் மொதல்ல சொல்லுவேன்," என்று மட்டும் சொன்னேன்.

அதற்குள் இசக்கி வந்துவிட்டார். செயலாளருடைய கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து படபடவென்று தட்டினார். கெட்டிக்காரர், கை வேகம். இந்தத் தெருவின் வாசலான கேட்வேயைக் கூப்பிட்டுப் பார்த்தார், பதில் வந்தது. மாடியில் இருக்கும் சர்வரைக் கூப்பிட்டார், பதில் இல்லை.

"அக்கா, கேட்வே பேசுது. வயரும் நல்லா இருக்கு, ஸ்விட்சும் நல்லா இருக்கு. சர்வர்தான் செத்துட்டு. ஒரு தடவ ரீஸ்டார்ட் அடிச்சிருவோம்."

"அடிங்க தம்பி, எதையாவது பண்ணுங்க," என்றார் செயலாளர்.

இந்த 'எதையாவது பண்ணுங்க' இருக்கிறதே, அது நம்மைக் கவிழ்ப்பதற்கென்றே பிறந்த வார்த்தை. சுற்றி நிற்பவர்கள் பதறும்போது நம் கையும் சும்மா இருக்காது. எதையாவது நிறுத்தி எதையாவது போட்டால் வேலை பார்ப்பதுபோல் தெரியும். பத்தில் எட்டு தடவை அது சரியாகவும் போய்விடும். அதனால்தான் பழக்கம் விடுவதில்லை. எனக்கு என்னமோ அது சரியாகப் படவில்லை. காரணம் அப்போது சொல்லத் தெரியவில்லை. இந்த ஆபீசில் இப்போதும் படகுகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரே பெட்டி அதுதான். அதன் காதை நாமே அடைக்கலாமா?

திரும்பிப் பார்த்தால் இசக்கியைக் காணோம். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். நானும் ஓடினேன். முழங்கால் வலி என்று வாரம் முழுக்கப் புலம்பியவள் எப்படி அந்தப் படிகளில் ஏறினேன் என்று இன்றுவரை எனக்கே ஆச்சரியம்தான். உள்ளே நுழையும்போது அவர் விரல் சர்வரின் பொத்தானுக்கு மேல் இருந்தது.

"ஏலே, அதுல கை பட்டுச்சு, கைய ஒடிச்சிருவேன்."

இன்றைக்கு உங்களுக்கு மேனேஜராக இருக்கிறவரைத்தான் அப்படிச் சொன்னேன். அவர் விரலை எடுத்துவிட்டார்.

ரேடியோ ரூமில் வயதான அண்ணாச்சி ஒருவர் இருந்தார். ரேடியோ அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "விடிவெள்ளி, விடிவெள்ளி, சங்கம் கூப்பிடுது," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இரைச்சல்தான் வந்தது. அவர் மூச்சு வாங்கும் நேரம் பார்த்து நான் கேட்டேன்.

"அண்ணாச்சி, இந்தப் பெட்டிய நிறுத்திப் போட்டா, படகெல்லாம் முன்ன நின்ன எடம் அப்படியே இருக்குமா?"

"எங்கன இருக்கும் தாயி? வெறுங்கடலாத்தான் வரும். படகு ஒவ்வொண்ணாப் பேசுன பெறவுதான் புள்ளி வைக்கும். திங்கக்கெழமைன்னா அப்படித்தான."

"அது ஏன் திங்கக்கெழம?"

"சனிக்கெழம கடைசிப் படகு கரை புடிச்ச ஒடனே நான் மெயினையே அணைச்சிட்டுல்லா போறேன். ஞாயித்துக்கெழம யாரு கடலுக்குப் போறா? உப்புக்காத்துல ஒரு தடவ மீட்டர் போர்டுல பொறி பறந்துச்சு. அதுலேருந்து ஆள் இல்லாத நாள் கரண்டும் கெடையாது."

இந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை படகு போகாது. பூசைக்குப் போவார்கள், கறி எடுப்பார்கள், தூங்குவார்கள். நம் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அன்று அண்ணாச்சி சொன்னபோது எனக்கு இரண்டு விஷயம் ஒன்றாக உறைத்தது. இசக்கியைப் பார்த்தேன். அவருக்கும் உறைத்துவிட்டது என்று முகமே சொன்னது. இரண்டாவது விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். அன்றும் அதைப் பிறகுதான் எடுத்தேன்.

முதல் விஷயம் இதுதான். விடிவெள்ளி ரேடியோவில் பேசவில்லை என்றால் அதன் பேட்டரி செத்திருக்கலாம். பேட்டரி செத்தால் இடத்தைச் சொல்லும் கருவியும் இனிமேல் பேசாது. அது கடைசியாக எங்கே நின்று பேசியது என்பது இந்தப் பெட்டியின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கும். இசக்கி பொத்தானை அழுத்தியிருந்தால் டிவி சரியாகக்கூட ஆகியிருக்கலாம். மற்றப் படகெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்திருக்கும். விடிவெள்ளி மட்டும் தெரிந்திருக்காது. பிலோமினாவுக்கு நாங்கள் வெறுங்கடலைத்தான் காட்டியிருப்போம்.

சர்வர் செத்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடுத்த தெருவிலிருந்து கூப்பிட்டுப் பதில் வராததால் ஆள் செத்துவிட்டான் என்று முடிவு கட்டக்கூடாது. அவன் தெருவுக்கே போய்க் கதவைத் தட்ட வேண்டும். என் லேப்டாப்பை எடுத்து, சர்வர் இருக்கும் அதே தெருவின் காலியான ஓட்டையில் வயரைச் செருகினேன். அந்தத் தெருவுக்கு ஏற்ற முகவரியைக் கொடுத்தேன். கூப்பிட்டேன்.

உடனே பதில் வந்தது. பெட்டி நன்றாக உயிரோடு இருந்தது. காலையிலிருந்து ஒழுங்காக வேலையும் பார்த்துக்கொண்டிருந்தது. அது சொல்வதைக் கேட்கத்தான் கீழே ஆளில்லை.

திரையில் கடல் விரிந்தது. புள்ளிகள் எல்லாம் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. கிழக்கே ஒன்று மட்டும் சாம்பல் நிறத்தில் தனியாக இருந்தது. விடிவெள்ளி. கடைசியாகப் பேசிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. அதுவரை அது போன தடம் கோடாகத் தெரிந்தது. நேராகப் போன கோடு, ஓர் இடத்தில் நின்று, பிறகு மெதுவாகக் கோணல்மாணலாகக் கிழக்கே விலகியது.

ரேடியோ அண்ணாச்சி மைக்கை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"எஞ்சின் நின்னுருக்கு. கச்சான் தள்ளிக்கிட்டுப் போகுது. விட்டா எல்லை தாண்டிரும்."

செயலாளரும் மேலே வந்துவிட்டார். இப்போது எங்கே ஒதுங்கியிருக்கும் என்று இரண்டு பேரும் திரையில் விரல் வைத்து வாக்குவாதம் பண்ணினார்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்து, பக்கத்தில் இருந்த இரண்டு படகுகளை ரேடியோவில் கூப்பிட்டுத் திருப்பிவிட்டார்கள். அந்தப் படகுக்காரர்கள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அந்தக் காற்றில் திரும்பிப் போவது லேசான காரியம் இல்லை.

நான் கீழே இறங்கினேன். வாக்குக் கொடுத்திருக்கிறேனே. பிலோமினா படிக்குக் கீழேயே நின்றிருந்தாள்.

"படகு கடைசியா நின்ன எடம் தெரிஞ்சிட்டு," என்றேன். "எஞ்சின் ஓடல, காத்துல ஒதுங்குது. ரெண்டு படகு தேடிப் போகுது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"முங்கலைல்லா?"

"கடைசியாப் பேசும்போது மெதந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதுக்குப் பெறவு எனக்குத் தெரியாது."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால்தான் தெரிந்தது என்று சொன்னதை அவள் நம்பினாள். இது என் எண்ணம். அவளிடம் கேட்டதில்லை.

இனிமேல் இரண்டாவது விஷயம்.

இசக்கி தன் லேப்டாப்பை ஸ்விட்சில் மாட்டி, உள்ளே எழுதியிருப்பதை வரிசையாக ஓட்டினார். தெருக்கள் மூன்றும் இருந்தன. வாசல்களும் இருந்தன. தெருவுக்குத் தெரு வழிவிடச் சொல்லும் வரி மட்டும் இல்லை. அவர் முகம் செத்துவிட்டது.

"அக்கா, தெருவப் பிரிச்சிட்டு சேவ் பண்ணேன். அதுக்குப் பெறவு ரவுட்டிங் போட்டு, டிவி ஓடுதான்னு பாத்துக்கிட்டு இருக்கும்போதே வேற எடத்துலேருந்து அவசரமாக் கூப்ட்டாவ. ரெண்டாவது தடவ சேவ் பண்ணல."

உங்களுக்கு இது புரியும். ஸ்விட்சுக்கு நாம் சொல்வது உடனே வேலை செய்யும். ஆனால் எழுதி வைக்கச் சொல்லாவிட்டால் கரண்டு போனதும் மறந்துவிடும். வாரம் முழுக்கக் கரண்டு போகவில்லை. சின்னச் சின்ன மின்வெட்டை யூபிஎஸ் தாங்கியது. சனிக்கிழமை அண்ணாச்சி மெயினை அணைத்துவிட்டுப் பூட்டினார், ஞாயிறு முழுக்க யூபிஎஸ் தாங்காது. திங்கட்கிழமை போட்டபோது ஸ்விட்ச் பாதியை மறந்துவிட்டு எழுந்தது. எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தது. கேட்வேயைக் கூப்பிட்டால் அது பதிலும் சொன்னது. வாசலில் ஆள் நிற்கிறான், ஆனால் அவனுக்கு வழிவிடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வாசல்காரன் பேசினான் என்பதற்காக அவன் உள்ளே விடுகிறான் என்று நினைத்தது நம்மவர் பிழை. கெட்டிக்காரர்களுக்குத்தான் இந்தப் பிழை வரும். பாதிப் பதில் கிடைத்ததும் மீதியைத் தாங்களே எழுதிக்கொள்வார்கள்.

அவர் அந்த ஒரு வரியை அடித்தார். கீழே ஹாலில் ஒரு சலசலப்புக் கேட்டது. டிவி வந்துவிட்டது.

"இப்ப சேவ் பண்ணு. நான் பாக்கணும்," என்றேன். பண்ணினார். இரண்டு தடவை பண்ணினார்.

கீழே வந்தால் பெண்கள் டிவியைச் சுற்றி மொய்த்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் வீட்டுப் புள்ளியைக் கண்டுபிடித்து, அது கரையைப் பார்த்து வருகிறது என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டாள். ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பிலோமினாவுக்கு இருபுறமும் உட்கார்ந்துகொண்டார்கள். சாம்பல் புள்ளி அசையாமல் நின்றது. இரண்டு புள்ளிகள் அதைத் தாண்டிக் கிழக்கே போயின. பிறகு வடக்கே கொஞ்சம் திரும்பின. யாரோ ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிலோமினா அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாளே தவிரக் குடிக்கவில்லை.

இரண்டு புள்ளிகளும் ஓர் இடத்தில் நின்றன. அசையவில்லை.

மாடிப்படியில் ரேடியோ அண்ணாச்சியின் செருப்புச் சத்தம் கேட்டது. பாதிப் படியிலேயே நின்று சொன்னார்.

"ஏளா பிலோமினா, உன் மாப்ள இருக்காவ. ஆளு அத்தன பேரும் இருக்காவ. பெல்ட் அந்துட்டாம். கயித்தக் கட்டி இழுத்துட்டு வாராவ."

பிலோமினா, "மாதாவே" என்றாள். அவ்வளவுதான். அப்புறம்தான் தண்ணீர் குடித்தாள். பாட்டிலை ஒரே மூச்சில் காலி பண்ணினாள். நான்தான் அழுதேன். செயலாளருடைய நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். அவ்வளவு பெரிய நிம்மதியை என் மனது தாங்கவில்லை. இசக்கி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார்.

கொஞ்சம் அடங்கியதும் செயலாளர் கேட்டார், "டிவிக்கு என்ன கோளாறு மேடம்?"

"எங்க கம்பெனி வேலையில ஒரு குறை," என்றேன். அதற்கு மேல் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

இசக்கி திரும்பினார். "எங்க கம்பெனி இல்ல சார். நான்தான். போன வாரம் சேவ் பண்ணாமப் போயிட்டேன்."

செயலாளர் அவரையே பார்த்தார். வெடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பழைய ஆள், கோபக்காரர், கை நீட்டக்கூடத் தயங்காதவர்.

"காலைலேருந்து ஏதும் சாப்ட்டியால?" என்றார்.

"இல்ல சார்."

"போயி டீயாவது குடி, போ."

டீ குடித்துவிட்டு இசக்கி கிளம்பவில்லை. படகு வரும்வரை துறைமுகத்திலேயே நின்றார். நானும் நின்றேன். விடிவெள்ளியைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு வந்து கட்டினார்கள். சூசை நனைந்து, கண் சிவந்து இறங்கினார். எல்லோரும் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று சூழ்ந்துகொண்டார்கள். எஞ்சின் பெல்ட் அறுந்து, எஞ்சின் சூடாகி நின்றுவிட்டதாம். சார்ஜ் ஏறாத பேட்டரியை, உள்ளே வந்த தண்ணீரை இறைத்த மோட்டார் தின்றுவிட்டதாம்.

"மாத்துப் பெல்ட் இருக்குமே?" என்று ரேடியோ அண்ணாச்சி கேட்டார்.

சூசை மனைவியைப் பார்த்தார்.

அதுவரை ஓரமாக நின்ற பிலோமினாவுக்கு அப்போது வாய் திறந்தது பாருங்கள். "மாத்துப் பெல்ட்டா? நல்லா கேளுங்க அண்ணாச்சி. சனிக்கெழம படகக் கழுவுதேன்னு சாமான் பூராத்தையும் வீட்டுக்குத் தூக்கியாந்தாவ. எல்லாத்தையும் திருப்பிக் கொண்டு போனாவ. பெல்ட்டு மட்டும் எங்க வீட்டு ஆணியில ஜம்முனு தொங்குது. நான் காலைல அதுலதான் தலைய இடிச்சேன்."

துறைமுகமே சிரித்தது. சூசையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவள் அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள். இசக்கியும் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். சனிக்கிழமை இரண்டு ஆண்களைக் கவிழ்த்திருந்தது.

செயலாளர் இனிமேல் ஞாயிற்றுக்கிழமையும் கரண்டை விட்டுவைக்கலாம் என்றார். ரேடியோ அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. நானும் வேண்டாம் என்றேன். அவர்கள் ஓய்வு நாளை நம் ஸ்விட்சுக்காக மாற்றச் சொல்ல நாம் யார்? ஒரு ஆபீசுக்குப் போனால் அங்கே எப்போது திறப்பார்கள், எப்போது அணைப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். நாம் செய்த வேலை அந்த ஊரின் ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டி எழுந்து நிற்க வேண்டும்.

அந்த வாரமே சனிக்கிழமை சாயங்காலம் நானும் இசக்கியும் மறுபடி போனோம். கடைசிப் படகும் வந்து கட்டியாகிவிட்டது. அண்ணாச்சியைக் கூப்பிட்டு மெயினை அணைக்கச் சொல்லி, யூபிஎஸ்ஸையும் நிறுத்தினோம். எல்லாம் நின்றது, மின்விசிறிகூட ஓய்ந்தது. கொஞ்சம் பொறுத்துப் போடச் சொன்னோம். டிவியில் முதலில் வெறுங்கடல் வந்தது. இசக்கி டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு துறைமுகத்துக்குள் ஒரு புள்ளி வந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் விடிவெள்ளி.

அந்த நேரம் பிலோமினா வழக்கம்போல் ஒரு எட்டு உள்ளே வந்தாள். டிவியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆளு வீட்டுல குளிக்காவ. படகு இங்கன இருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்து எங்களிடம் நீட்டினாள். படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி, அதில் புது பெல்ட் தொங்கும் போட்டோ. "கழுவி முடிச்சு மாட்டிட்டு, போட்டோ எடுத்து அனுப்பிட்டுத்தான் வீட்டுக்குள்ள வரணும்னு சொல்லிட்டேன். இனிமே சனிக்கெழமைன்னா இதுதான் எங்க வீட்டுச் சட்டம்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டே இசக்கியைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் எங்க ஆளு வேலையப் பாத்துட்டேன். நீ உன் வேலையப் பாத்துட்டியா தம்பி?"

"இப்பதான்க்கா. மெயின அணைச்சுப் போட்டுப் பாத்துட்டேன்."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இசக்கி சார் உங்களிடம் போனில் கேட்கிறாரே, அது நான் கிளப்பிவிட்டது இல்லை. அது அவருடைய கேள்வியும் இல்லை. பிலோமினா கேட்டது. பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.